ஊதா தெரிந்தால் தூக்கிப் போடு

என் தம்பி குழாய் வேலைக்காரன். தரை எங்கே ஈரமாக இருந்தாலும் அங்கே பள்ளம் தோண்டி இடுப்பளவு இறங்கிவிடுவான். அப்படி இறங்கிய ஒரு பள்ளத்தில், உடைந்த இரும்புக் குழாய் ஒன்று அவன் முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு கிழித்தது. ஒரு முழ நீளம் இருக்கும். அவன் பெண்டாட்டி இரண்டு அங்குலம் என்கிறாள். சரி, அவள் கணக்கே இருக்கட்டும். அந்தச் சேற்றுத் தண்ணீரிலேயே காலைக் கழுவி, அந்தச் சேற்றைத் துடைத்த துணியாலேயே கட்டுப் போட்டுக்கொண்டு, வேலையை முடித்துவிட்டுத்தான் மேலே ஏறியிருக்கிறான் மகாராஜா. மூன்றாம் நாள் காய்ச்சல். நான்காம் நாள் கால் பூசணிக்காய். அள்ளிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் போட்டார்கள்.

எனக்கு யாரும் மூச்சு விடவில்லை. "அக்காவுக்கு மட்டும் சொல்லாத. நான் தும்மினாலே சுடுகாட்டுல இடம் பாக்கச் சொல்லுவா" என்று தம்பி தடை போட்டுவிட்டானாம். கூடப் பிறந்தவளுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும்? படுக்கையில் விழுந்த ஆறாம் நாள்தான் அவன் பெண்டாட்டி தைரியம் வந்து போன் செய்தாள்.

"அண்ணி, கோபப்படாதீங்க."

இப்படி ஆரம்பிக்கிற எந்தச் செய்தியையும் நான் கோபப்படாமல் கேட்டதாகச் சரித்திரமே இல்லை.

"ஊசிய மாத்தி மாத்திப் போடுறாங்க, காய்ச்சல் எறங்கவே மாட்டேங்குது. ஸ்கேன்ல ஈரல்லயும் ரெண்டு எடத்துல சீழ் கட்டியிருக்காம். என்ன கிருமின்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து குடுக்க முடியும்னு டாக்டரம்மா சொல்றாங்க. ஆனா லேப்ல ரெண்டு தடவையும் சாம்பிள் வீணாப்போச்சுன்னு எழுதி அனுப்பிட்டாங்க."

"எந்த லேப்?"

"உங்க லேப்தான் அண்ணி."

என் ஆய்வுக்கூடம்! முப்பத்து நான்கு வருடம் நான் நின்று நின்று தரையில் இரண்டு குழி விழுந்த இடம். ஊரார் உடம்பிலிருந்து வருகிற சீழ், சளி, சிறுநீர் எல்லாவற்றையும் இரத்தம் கலந்த கூழ் ஊற்றிய தட்டில் தடவி, வெப்பப் பெட்டிக்குள் வைத்து, மறுநாள் அதில் முளைத்திருப்பது எந்தக் கிருமி என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. பணி ஓய்வு பெற்று மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்குள் என் தம்பியின் சீழையே வீணாக்கிவிட்டார்கள். செருப்பைச் சரியாக மாட்டினேனா என்றுகூடத் தெரியாது. ஓடினேன்.

மூன்றாம் மாடி வார்டில் தம்பி கண்ணை மூடிக் கிடந்தான். நெற்றியில் கை வைத்தேன். தோசைக்கல்லில் கை வைத்த மாதிரி இருந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"வந்துட்டியா. இடம் பாத்துட்டியா?"

"வாய மூடுடா."

மூடிக்கொண்டான். அதுதான் எனக்குப் பயம் தந்தது. நான் சொன்ன சொல்லுக்கு அவன் பதில் சொல்லாமல் இருப்பது அவன் பிறந்த பிறகு இதுவே முதல் தடவை.

வார்டு டாக்டரம்மா சின்னப் பெண், தூக்கம் இல்லாத கண். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த இரண்டு தாள்களையும் காட்டினாள். இரண்டிலும் ஒரே வரி: 'தட்டில் சாயம் சிந்தி ஆய்வு பயனற்றது. மறுமாதிரி அனுப்பவும்.'

"நாளைக்கு மூணாவது சாம்பிள் அனுப்பலாம். ரிசல்ட் வர இன்னும் ரெண்டு நாள் ஆகும்" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த ரெண்டு நாள் அவர் தாங்குவாரான்னு எனக்குத் தெரியலம்மா. கண்ணைக் கட்டிக்கிட்டு மருந்து குடுத்துட்டு இருக்கேன்."

படிகளில் இறங்கும்போது, யார் கழுத்தை முதலில் நெரிப்பது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். வரிசையில் முதலில் இருந்தவள் கத்தரி.

கத்தரி என்றால் கத்தரிக்காய். என்னிடம் பத்து வருடம் வேலை பார்த்தவள். கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்க்க, முதலில் அதற்கு ஊதாச் சாயம் ஏற்ற வேண்டும். அந்தச் சாயத்தைத் தொட்டால் இவள் முழங்கை வரை பூசிக்கொள்வாள். சாயக் குப்பி அடுத்த அறையில் இருந்தால்கூட இவள் விரல் ஊதாவாகிவிடும். என் காலத்தில் அவள் சிந்திய சாயத்தைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு கப்பலுக்கு வர்ணம் அடித்திருக்கலாம்.

ஆய்வுக்கூட வாசலில் தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தார்கள். என் காலத்தில் கிடையாது. எனக்குப் பிறகு வந்த தலைமை மருத்துவர் போட்டது. வெளியாள் யாரும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதாம். அதனாலேயே அவருக்கு மஞ்சள்கோட்டார் என்று பெயர். நான் கோட்டருகே போகும் முன்பே உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

"ரெண்டு தடவை! ஒரே நோயாளியோட தட்டு! சாயங்காலத்துக்குள்ள விளக்கம் எழுதி என் மேஜைக்கு வரணும்."

கத்தரி வெளியே வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். முகம் அடுப்பில் வைத்த இரும்பு மாதிரி இருந்தது. அவள் வாயைத் திறக்கும் முன் நான் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, உனக்குக் கையா, ஓட்டை வாளியா? நீ கொட்டினது யாரோட பிளேட்டுல தெரியுமா? என் தம்பியோடது! மேல செத்துக்கிட்டு இருக்கான்! உன் கை பட்டா பாலே கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துருமே, தெரிஞ்சும் உன்னை ஏன் அந்த டேபிள் பக்கம் விட்டாங்க?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ இரண்டு கையையும் என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"நல்லா பாருங்க மேடம். மூக்குக் கண்ணாடி இருக்குல்ல? போட்டுக்கிட்டுப் பாருங்க."

பார்த்தேன். பத்து விரலும் உரித்த வெங்காயம் போல வெளுத்துக் கிடந்தன. அந்தக் கையை அந்த நிறத்தில் நான் பார்த்ததே இல்லை.

"ரெண்டு வாரமா எனக்கு யூரின் டேபிள். ஸ்டெயின் பாட்டிலத் தொட்டு ரெண்டு வாரம் ஆச்சு. யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. ஊதா தெரிஞ்சா கத்தரிதான்! பத்து வருஷம் நீங்க கூப்பிட்ட பேரு, இப்ப எனக்குத் தண்டனை வாங்கிக் குடுக்குது. நல்லா இருங்க!"

"சரிடி, நீ இல்லேன்னா வேற யாரோ..."

"வேற யாரு? பெட்டிக்குள்ள அன்னிக்கு நாப்பது பிளேட்டு இருந்துச்சு. ரெண்டு தடவையும் உங்க தம்பியோடதுல மட்டும் எப்படிக் கொட்டும்? மத்ததெல்லாம் என்ன, குடை புடிச்சுக்கிட்டு இருந்துச்சா?"

அந்த வெளுத்த விரல்களை மறுபடி ஒரு தடவை பார்த்தேன்.

கிருமிகளுக்கும் நிறம் உண்டு. இது எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தீப்புண்ணில் குடியேறுகிற ஒன்று தட்டையே பச்சையாக்கி, திராட்சை வாசனை வேறு கிளப்பும். அந்த மூடியைத் திறந்தாலே நான் வாசலில் நின்றபடி பெயர் சொல்லுவேன். கொப்புளத்தில் இருப்பது பொன் நிறத்தில் பொட்டு வைக்கும். இன்னொன்று இருக்கிறது, கள்ளி! வெப்பப் பெட்டிக்குள் வெளுத்துப்போய்ப் பரம சாதுவாக இருக்கும். வெளியே மேஜையில் குளிர்ச்சியாக வைத்தால் மறுநாள் இரத்தச் சிவப்பில் பல்லைக் காட்டும். இத்தனையும் பார்த்த கண் இது. ஆனால் ஊதா? ஊதாவிலும் ஒன்று உண்டு என்று பயிற்சிக் காலத்தில் பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி படித்தது. தேங்கிய தண்ணீரிலும் சேற்றிலும் இருப்பது. மனிதன் பக்கம் வருவதே அபூர்வம். வந்தால் புண் வழியாக ஏறி, இரத்தத்தில் கலந்து, ஈரலில் சீழ் வைக்கும். வழக்கமாகப் போடுகிற ஊசிகளைப் பார்த்துச் சிரிக்கும். முப்பத்து நான்கு வருடத்தில் என் கண்ணில் அது பட்டதில்லை.

சேறு. புண். ஈரல். ஊதா. இதைக் கூட்டிப் பார்க்க எனக்கு ஒரு கத்தரிக்காய் தேவைப்பட்டிருக்கிறது.

"அந்த பிளேட்டெல்லாம் எங்கடி? எரிச்சாச்சா?"

"மொதல்ல வந்தது எரிச்சாச்சு. ரெண்டாவதை நான் குடுக்கல. ஓரத்துல டேப் ஒட்டி என் ஷெல்ஃபுல வெச்சிருக்கேன். விசாரணைன்னு வந்தா காட்டணும்ல? ரெண்டு நாள்ல இன்னும் கறுத்துப் போயிருக்கு மேடம். கொட்டின சாயம் எங்கயாவது வளருமா?"

அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மஞ்சள் கோடு குறுக்கே இருந்தது.

"டாக்டர்!" என்று கத்தினேன். ஜன்னல் கண்ணாடி நான்கும் உடைந்து தெருவில் விழுந்திருக்கும். சரி, அதிர்ந்தது.

மஞ்சள்கோட்டார் வந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைக் கோட்டு, மடிப்பு கலையாத முகம். மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் சரியாக ஓர் அடி தள்ளி நின்றார்.

"அம்மா, நீங்க ரிட்டயர் ஆனவங்க. கோட்டைத் தாண்டக் கூடாது."

"தாண்டல டாக்டர். கட்டைவிரல் கூடத் தாண்டல. என் தம்பியோட பிளேட்டுல இருக்கறது சாயம் இல்ல. கிருமி. அந்தக் கிருமியோட நிறமே ஊதா. கத்தரிகிட்ட பிளேட்டு இருக்கு, ஒரு தடவை பாருங்க."

அவர் கத்தரியைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அவளுக்கு எழுத வேண்டிய விளக்கம் இரண்டாகிவிட்டது.

"எரிக்கவேண்டியதை வெச்சிருந்தியா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களைப் பத்தி இங்க நிறையக் கேள்விப்பட்டிருக்கேன். கொஞ்சம் கூட்டிச் சொல்ற பழக்கம் உண்டுன்னு. ஒரு பிளேட்டுல பூஞ்சை அவ்வளவு அடர்த்தியா வளர்ந்து, ஆடு வந்து மேய்ஞ்சுதுன்னு சொன்னீங்களாமே?"

"ஆடு இல்ல டாக்டர். மாடு."

"பாத்தீங்களா?"

"டாக்டர், அது கதை. இது என் தம்பி!"

"அபூர்வமான கிருமின்னு நீங்களே சொல்றீங்க. ஸ்டெயின் கொட்டுறது தினமும் நடக்குது. நான் எதை நம்பணும்? இந்த லேபுக்குன்னு ஒரு விதி இருக்கு. நான் போட்டது கூட இல்ல. எனக்கு முன்னாடி இருந்த அனுபவசாலிங்க போட்டது. அங்க பாருங்க."

அவர் விரல் காட்டிய இடத்தில், தட்டுகளை வைத்துப் பார்க்கும் மேஜைக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்டு ஓர் அட்டை மாட்டியிருந்தது.

'தட்டில் ஊதா தெரிந்தால் சாயம் கொட்டியது. யோசிக்காதே. தூக்கிப் போடு.'

என் கையெழுத்து.

எப்போது எழுதினேன் என்றுகூட ஞாபகம் வந்தது. சாய மேஜையும் தட்டு மேஜையும் ஒட்டிக் கிடந்த காலம். வாரத்துக்கு நான்கு தட்டில் சாயம் தெறிக்கும். ஒவ்வொன்றையும் ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்து மணிக்கணக்கில் பட்டிமன்றம் நடத்துவார்கள். எனக்கு எரிச்சல். ஒரு மத்தியானம் அட்டை எடுத்து, பட்டை மார்க்கரால் எழுதி ஒட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். அதிலும் அந்த 'யோசிக்காதே' என் தனிச் சரக்கு. அதற்காக அரை நாள் பெருமைப்பட்டேன்.

அதுவரை என் கோபத்துக்கு நிற்க நிறைய இடம் இருந்தது. கத்தரி மேல் நின்றது, மஞ்சள்கோட்டார் மேல் நின்றது, சேற்றில் காலைக் கழுவிய தம்பி மேல்கூட நின்றது. இப்போது அது வட்டமடித்து வந்து என் தலையிலேயே உட்கார்ந்தது. உட்கார்ந்து கொத்தியது.

"டாக்டர், அந்த அனுபவசாலி நான்தான்."

அவர் சிரித்தார். "இதையும் நீங்கதான் கண்டுபிடிச்சீங்களா?"

"கத்தரி, ஒரு பேப்பர் குடு. பேனா குடு."

கோட்டுக்கு இந்தப் பக்கம் தரையிலேயே உட்கார்ந்து, அந்த மூன்று வாக்கியத்தையும் அப்படியே எழுதினேன். என் 'யோ'வுக்கு ஒரு மாட்டுக்கொம்பு உண்டு. ஊரில் வேறு யாருக்கும் வராது. தாளை நீட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். முதல் தடவையாக அந்த முகத்தில் ஒரு மடிப்பு கலைந்தது.

"எழுதினவளே சொல்றேன், அது தப்பு. முட்டாள் எழுதினது. யோசிக்காதன்னு எழுதறவ கைய ஒடைச்சிருக்கணும். அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் இந்த மாதிரி எத்தனை பிளேட்ட எரிச்சோமோ, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இந்த ஒண்ணு கையில இருக்கு."

"அப்போ நியாயமாப் பாத்தா நான் உங்க மேலதான் புகார் எழுதணும்."

"எழுதுங்க! பத்துப் பக்கம் எழுதுங்க! எழுத்துப் பிழை இருந்தா நானே திருத்தித் தரேன். முதல்ல பிளேட்ட எடுங்க. ஒரே ஒரு காரியம் செய்யுங்க. கம்பி வளையத்தால ஒரு பொட்டைச் சுரண்டிப் பாருங்க. சாயம்னா அடியில ஊறியிருக்கும், சுரண்டினாலும் போகாது. கிருமின்னா முழுசா எழுந்து வரும், அடியில தட்டு பழையபடி சிவப்பா இருக்கும். அரை நிமிஷ வேலை. சாயமா இருந்தா, இந்தக் கோடு இருக்கற தெருவுக்கே நான் வரமாட்டேன்."

கடைசி வாக்கியம்தான் அவரை அசைத்திருக்க வேண்டும்.

கையுறை மாட்டினார். கத்தரி தட்டைக் கொண்டுவந்து பாதுகாப்புப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து, டேப்பைப் பிரித்தாள். நான் கோட்டின் மேல் நுனிக்காலில் நின்று கழுத்தை நீட்டினேன். கொக்கு தோற்றது. இரத்தம் கலந்த சிவப்புத் தட்டின் மேல் வட்ட வட்டமாகப் பொட்டுகள். கறுப்பு என்று நினைக்கும்போதே ஊதா அடித்தது. பளபளவென்று எண்ணெய் தடவினாற்போல. கிருமி என்பதை மறந்தால் அத்தனை அழகு. மறக்க முடியவில்லை.

கம்பி வளையத்தைச் சூடாக்கி, ஆறவிட்டு, ஒரு பொட்டின் ஓரத்தில் வைத்துத் தள்ளினார்.

பொட்டு முழுசாக வளையத்தோடு எழுந்து வந்தது. அடியில் தட்டு சிவப்பாக இருந்தது.

இன்னொன்றைத் தள்ளினார். அதுவும் வந்தது. மூன்றாவதும்.

கத்தரி தன் பத்து விரலையும் அவர் கண்ணில் படும்படி மேஜை மேல் பரப்பி வைத்துக்கொண்டு நின்றாள். அது ஆயிரம் வார்த்தைக்குச் சமம். அதில் ஒன்றுகூட அச்சில் ஏற்ற முடியாதது.

"பேரை உறுதி பண்ண நாளைக்கு ஆகும்" என்றார் மஞ்சள்கோட்டார், யாரையும் பார்க்காமல். "ஆனா மருந்து மாத்த நாளைக்கு வரைக்கும் காத்திருக்க வேண்டாம்." கையுறையைக் கழற்றிவிட்டு வார்டுக்கு போன் போட்டார். டாக்டரம்மாவிடம் பேசும்போது அவர் குரலில் அவசரம் இருந்தது. அதற்காக மட்டும் அவரைக் கழுத்து நெரிக்கும் வரிசையிலிருந்து நீக்கினேன். அந்த இடத்தில் ஏற்கெனவே நான் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று மாலையே புது ஊசி ஏறியது. மறுநாள் அவன் காலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். ஈரலில் இருந்ததை ஊசி வைத்து உறிஞ்சினார்கள். ஊதாக்காரனேதான் என்று பெயரும் உறுதியானது. காய்ச்சல் உடனே இறங்கவில்லை. இரண்டு நாள் ஏறி இறங்கி எங்கள் உயிரை வாங்கியது. அந்த இரண்டு நாளும் தம்பி பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் வரலேன்னா அண்ணி..." என்று ஆரம்பிப்பாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு யாரோ முதுகில் அறைவது போல இருக்கும். வார்டே என்னைக் கும்பிட்டது. பாராட்டு என்றால் வாயைப் பிளக்கிற நான், அந்த இரண்டு நாள் வாயைத் திறக்கவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் நெற்றியில் கை வைத்தேன். சில்லென்று வியர்த்திருந்தது. தம்பி இரண்டு கண்ணையும் திறந்து, தண்ணீர் கேட்டுக் குடித்தான். என்னையே பார்த்தான்.

"நீதான் கண்டுபிடிச்சியாமே? இவ சொன்னா. ஊரெல்லாம் சொல்லிட்டியா? இந்நேரம் கிருமி நாய்க்குட்டி சைஸ்ல இருந்துச்சுன்னு சொல்லியிருப்பியே."

"ஒருத்தர்கிட்டயும் சொல்லலடா."

"உடம்பு சரியில்லையா உனக்கு?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. கத்தரி சொல்ல மாட்டாள், மஞ்சள்கோட்டார் புகாரும் எழுதவில்லை. ஆனால் எனக்குக் கூட்டிச் சொல்லத்தான் தெரியும். மறைக்கத் தெரியாது.

"முதல் பிளேட்டுலயே கண்டுபிடிச்சிருக்கலாம். இத்தனை நாள் நீ துடிச்சிருக்க வேண்டாம். தூக்கி எறியச் சொல்லிச் சுவத்துல எழுதி மாட்டினது நான்தான். பல வருஷம் முன்னாடி. யோசிக்காதன்னும் எழுதியிருந்தேன்."

அவன் விட்டத்தைப் பார்த்தான். அவன் பெண்டாட்டி என் கையைப் பிடித்திருந்த தன் கையை எடுத்துக்கொண்டாள். எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

பிறகு அவன் மெல்ல முழங்கையை ஊன்றி எழுந்தான். ஒன்பது நாளாகத் தானாக எழாதவன் உட்கார்ந்தே விட்டான்.

"யோசிக்காதன்னா எழுதின? ஏண்டி, மூளைய அடமானம் வெச்சுட்டா எழுதப்போன? என் ஈரல் வரைக்கும் ஓட்டை போட்டாங்கடி! காலைப் பாரு, வாழைக்காயப் பொளந்த மாதிரி பொளந்து வெச்சிருக்காங்க! இவ ஒருத்தி பெரிய மேதாவின்னு ஊரே நம்பிச்சு! சின்ன வயசுலயும் இப்படித்தான், தெரியாததுக்கெல்லாம் ஒரு சட்டம் போடுவ! பம்பரத்தைக் கிணத்துல போட்டா நீந்தும்னு சொன்னவதானே நீ?"

குரல் வார்டின் அந்தக் கோடி வரை போனது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் போர்வையை விலக்கிப் பார்த்தார். நர்ஸம்மா ஓடிவந்தாள்.

"அண்ணே, அண்ணே! கத்தக் கூடாது, தையல் பிரிஞ்சிரும்! அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

"நான் ஏன் வெளிய போகணும்?" என்றேன். ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டேன். "நீங்க போய் உங்க வேலையப் பாருங்க. அவன் திட்டி முடிக்கல."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு, இன்னொரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு, எங்கள் அப்பா காலத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.